ஆளுக்குப் பாதி பிடிக்காத கார்

இத்தாலியில் பிரேஷாவுக்குக் கிழக்கே, எங்கள் ஊரில் சின்னப் பந்தய வண்டிகள் ஓடும் கோ-கார்ட் பாதைக்கு உள்ளேயே என் காப்பிக்கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மற்ற ஊர்ப் பிள்ளைகள் பந்து உதைக்கப் போவார்கள். எங்கள் பிள்ளைகள் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

தெக்லா ரோவெத்தா முதலில் வந்தபோது அவளுக்கு எட்டு வயது. அவள் அப்பா அகோஸ்தீனோ பளிங்குக்கல் குவாரியில் கிரேன் ஓட்டுபவர். இஞ்சின் சத்தம் கேட்டதும் அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டு என் கடைக்குள் ஓடிவந்து ஐஸ்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அகோஸ்தீனோ கெஞ்சிப் பார்த்துவிட்டு, "சரி வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். எழுந்தாள். வாசல் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்ப் பந்தய வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அப்புறம் அவளிடம் கேட்டேன். "என்னடி, திடீர்னு தைரியம் வந்துடுச்சு?"

"தைரியம் எல்லாம் இல்ல அத்தை. அந்தப் பையன் என் வண்டில ஏறப் பாத்தான்."

அந்தப் பையன் கொராதோ ஜிலியோலி. ஊர்ப் பல் டாக்டரின் மகன், அவள் வயதுதான். அன்று தொடங்கி நாலு வருஷம் இரண்டு பேரும் ஒருவர் வாலை ஒருவர் விடாமல் ஓட்டினார்கள். பன்னிரண்டு வயதில், மாகாண இறுதிப் பந்தயத்தின் கடைசி வளைவில், இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வந்தார்கள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. சக்கரத்தோடு சக்கரம் மாட்டி இரண்டு வண்டியும் புல்லில் போய் விழுந்தன. பின்னால் வந்துகொண்டிருந்த வெரோனாப் பையன் கோப்பையை வாங்கிக்கொண்டு போனான்.

அப்பாக்கள் இருவரும் என் கடை வாசலில் மோதிக்கொண்டார்கள்.

"உங்க பொண்ணுக்குக் கண்ணு தெரியாதா?" என்றார் டாக்டர்.

"நல்லாவே தெரியும். உங்க புள்ள வழியை மறிச்சதுதான் தெரிஞ்சுது" என்றார் அகோஸ்தீனோ.

அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பமும் பேசிக்கொள்ளவில்லை. டாக்டரிடம் பல்லைக் காட்டமாட்டேன் என்று அகோஸ்தீனோ பக்கத்து ஊருக்குப் போய்ப் பல் பிடுங்கிக்கொண்டார்.

தெக்லா வளர்ந்து ஃபார்முலா கார்களுக்குப் போனாள். ஒற்றை இருக்கை, ஒற்றை ஆள், அவளுக்கு ஏற்ற வண்டி. இரண்டு பந்தயப் பருவம் ஓட்டினாள். வேகத்தில் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் முன்னால் ஒரு கார் தெரிந்தால் பொறுக்கமாட்டாள். முட்டி நின்ற பந்தயங்கள் முடித்த பந்தயங்களைவிட அதிகம். மூன்றாம் பருவத்துக்கு அணிக்காரர்கள் வேறொருவனை எடுத்தார்கள். அவளைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட இல்லை. செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஊருக்குத் திரும்பி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு ஈரத் தரையில் பிரேக் போடச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். மாலையில் கடைக்கு வந்து காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விடுவாள். பாதைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டாள். அந்தக் காலத்தில் அவளிடம் பந்தயம் பற்றிப் பேச எனக்கே பயமாக இருந்தது.

அப்போதுதான் கார்ப் பந்தய அணி நடத்தும் ஒத்தாவியோ தன் அணிக்கு ஆள் தேடினார். நீண்ட நேரப் பந்தயம்: ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஆறு மணி நேரம் ஓட்டவேண்டும். அவருடைய அணிப் பையன்களுக்குச் சமைத்துப்போடப் பந்தயத்துக்குப் பந்தயம் நானும் போவேன். தெக்லாவின் பெயரை நான்தான் அவர் காதில் போட்டேன். ஓட்டவைத்துப் பார்த்தார்.

"வேகம் இருக்கும்மா. அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். "உன் கூட ஓட்டப்போறவன் யாருன்னு சொன்னா இருப்பியா ஓடிடுவியான்னுதான் தெரியல."

கொராதோ கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்தான்.

தெக்லா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இவனா? இவன் உக்காந்த சீட்டுல நான் உக்காந்தா ரோடே தெரியாதே."

"தலகாணி வெச்சுக்கோ. குழந்தைங்களுக்கு அப்படித்தான் வெப்பாங்க" என்றான் அவன்.

அவள் ஓடவில்லை. ஒரு பஞ்சுத் திண்டு செய்துகொண்டார்கள். அவன் இறங்கும்போது அதை அவள் சொருகவேண்டும். அவள் இறங்கும்போது உருவிக்கொண்டு வரவேண்டும். ஆள் மாறுவதைப் பயிற்சி செய்தார்கள். இறங்குகிறவர்தான் ஏறுகிறவருக்குப் பெல்ட் மாட்டிவிட வேண்டும். முதல் நாள் அவள் தோள்பட்டைப் பெல்ட்டை இழுத்த இழுப்பில் கொராதோ அலறினான்.

"அம்மாடி! பழைய கோபத்தை எல்லாம் இதுலதான் தீர்க்கணுமா?"

"போலெந்தாக் களியைக் கொஞ்சம் குறைச்சுத் தின்னு. பெல்ட் பத்தும்."

காரை எப்படி அமைப்பது என்பதில்தான் பெரிய சண்டை. பின்பக்கம் துள்ளலாக இருந்தால் அவளுக்குப் பிடிக்கும். அவனுக்கு அடங்கிய கார் வேண்டும். ஒத்தாவியோ இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுவிட்டு நடுவில் ஒன்றைச் செய்தார். இருவரும் முறையிட்டார்கள். "ரெண்டு பேருக்கும் பாதி பிடிக்கலையா? அப்ப சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு என்னிடம் சாப்பிட வந்துவிட்டார்.

பந்தயம் முஜெல்லோ தடத்தில். கொராதோ தொடங்கினான். மூன்றாம் இடத்தில் காரை அவளிடம் கொடுத்தான். அவள் ஓட்டி, மறுபடி அவன் ஓட்டி, மறுபடி அவள் ஏறினாள். அவள்தான் முடிப்பதாகத் திட்டம். அகோஸ்தீனோ வந்திருந்தார். குவாரிக்காரக் கைகளைக் கட்டிக்கொண்டு டி.வி. திரைக்கு முன்னால் அசையாமல் நின்றார்.

இரண்டாம் இடத்தில் இருந்த காரை அவள் நெருங்கிக்கொண்டிருந்தாள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி குறைந்தது. திடீரென்று குறைவது நின்றது. ஒத்தாவியோ ரேடியோவில் என்னம்மா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

இன்னும் சில சுற்றுகள். பின்னால் இருந்த கார் அவளை எட்டிப் பிடித்தது. பிறகு அவளே பேசினாள். மூச்சு வாங்கியது.

"பொய் சொன்னேன். பவர் ஸ்டீயரிங் போயிடுச்சு. கல்லு மாதிரி இருக்கு. என் கை தாங்காது. கொராதோவை ரெடி பண்ணுங்க."

அகோஸ்தீனோ, "முடியும்னு சொல்லுங்க அவகிட்ட! இன்னும் கொஞ்ச நேரந்தானே!" என்று கத்தினார். ஒத்தாவியோ அவர் பக்கம் திரும்பவே இல்லை. கொராதோ எனக்குப் பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தவன், தட்டை என் மடியில் வைத்துவிட்டு ஹெல்மெட்டைத் தேடி ஓடினான்.

கார் உள்ளே வந்தது. தெக்லா திண்டை உருவி எறிந்துவிட்டு இறங்கினாள். கொராதோ ஏறினான். அவன் பெல்ட்டின் கொக்கி அவள் விரலில் நிற்கவில்லை. பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டு மாட்டினாள். நான்காம் இடத்தில் கொராதோ வெளியே போனான்.

அவள் உட்காரவில்லை. ஒத்தாவியோவிடமிருந்து ரேடியோவை வாங்கிக்கொண்டாள்.

"கேக்குதா? நீ வழக்கமா திருப்புற இடத்துல திருப்பாதே. முன்னாடியே ஆரம்பி. கார் உனக்காகக் காத்திருக்காது. இறக்கத்துல ரெண்டு முழங்கையையும் உடம்போட சேர்த்து வெச்சுக்கோ."

"கையே கழண்டுரும் போல இருக்குடி."

"பேசாதே. மூச்சை மிச்சம் பண்ணு. அடுத்து வலது."

பந்தயம் முடியும்வரை ஒவ்வொரு வளைவாக அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்னால் போன ஒரு காரின் டயர் கடைசியில் தேய்ந்து போனது. கொராதோ அதைத் தாண்டினான். மூன்றாம் இடம்.

காரிலிருந்து அவனை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். கோப்பையைத் தூக்க அவனாலும் முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. ஒத்தாவியோ சிரித்துக்கொண்டே தானே தூக்கிக் காட்டினார். ஊருக்குத் திரும்பும்போது அகோஸ்தீனோதான் வண்டியை ஓட்டினார்.

"முடிச்சது அவன்தானே" என்றார் பாதி வழியில்.

"ஆமாம்ப்பா" என்றாள் தெக்லா. "நான் உள்ள இருந்திருந்தா சுவத்துல முடிச்சிருப்பேன்."

அடுத்த வாரம் ஒத்தாவியோ முழுப் பருவத்துக்கும் அவளை ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆம்புலன்ஸ்காரர்களிடம் சொல்லிக்கொண்டு அந்த வேலையை விட்டாள்.

இரண்டு பருவம் சேர்ந்து ஓட்டினார்கள். பிறகு டாக்டருக்கு உடம்பு முடியாமல் போனது. கொராதோ பாதியில் விட்ட பல் மருத்துவப் படிப்பை முடிக்கப் போய்விட்டான். தெக்லா முதலில் நம்பவில்லை, பிறகு கோபப்பட்டாள், பிறகு அவன் சாமான்களைக் கட்ட உதவினாள். இப்போது அவளோடு ஓட்டுவது டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவன். நல்ல பையன். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

போன மாதம் பெல்ஜியத்தில் அவள் தட்டில் சோறு வைத்துக்கொண்டே கேட்டேன், இவனோடு எப்படி இருக்கிறது என்று.

"நல்லா ஓட்டுறான் அத்தை" என்றாள். "ஆனா பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் திட்டவே மாட்டேங்குறான்."