எல்லாருக்கும் ஒரே புடவை

பாகூரில் மேர் என்கிற ஊர்த்தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது என்று காதில் விழுந்ததிலிருந்து கரிக்கலாம்பாக்கத்துப் பண்ணையார் அரங்கநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கப்பலேறவிருந்த ஒரு துரையிடம் கைக்கேமராவும் படங்காட்டும் பெட்டியும் வாங்கினார். தம் தர்ம குணத்தை அதிகாரிகளுக்குப் படமாகவே காட்டிவிடுவதாகத் திட்டம். தொழில் கற்றுக்கொள்ள, மனைவி கனகாம்பாளையும் இழுத்துக்கொண்டு புதுச்சேரி சினிமாக் கொட்டகைக்குப் போனார். அங்கே ஓடியது ஒரு பிரெஞ்சு நடிகனைப் பற்றிய படம். கதை கிடையாது, அந்த மனிதன் வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதுதான்.

"பாத்தியாடி? அவன் கேமரா பக்கம் திரும்பவே இல்லே. அதான் தொழில். மூஞ்சி கொஞ்சம், கை கொஞ்சம், கூட்டம் கொஞ்சம். துண்டு துண்டா ஒட்டிட்டா நெசம்."

கனகாம்பாள் பார்த்தது வேறு. ரசிகர்களுக்குக் கையசைத்துவிட்டு உள்ளே வந்த நடிகன், படம் பிடித்து முடிந்தது என்ற நினைப்பில், பொய்முடியைக் கழற்றி வேலைக்காரி மேல் எறிந்தான். அதுவரை தூங்கி வழிந்த கொட்டகை அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

களத்துமேட்டில் தர்மம் தொடங்கியது. பெண்கள் வரிசையாக நின்றார்கள். புடவை மட்டும் ஒன்றுதான். அதுவும் கனகாம்பாளின் தாய்வீட்டுச் சீர், கேட்காமல் எடுத்தது.

"இத்தினி பேருக்கும் அந்த ஒண்ணுதானா?"

"படத்துல இன்னா தெரியப் போவுது? நான் கையைத் தூக்கினா நிறுத்து. உன்னை யோசிக்கச் சொல்லலே, கழுதே."

கழுதை கேமராவைத் தூக்கிக்கொண்டது.

வரிசையில் முதலில் நின்ற தையலம்மாளுக்குப் புன்னகையோடு புடவையைக் கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் கை உயர்ந்தது. கனகாம்பாளின் விரல் விசையை விட்டு எழவில்லை. புடவையைப் பிடுங்கினார், தையலம்மாளை முழங்கையால் தள்ளினார், அடுத்து நின்ற பவுனம்மாளை முன்னே இழுத்தார். மறுபடி புன்னகை.

கழுவப் போன படச்சுருள் தகர டப்பாவில் திரும்பி வந்தது. ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் குறித்த வேளைக்கு முன்னால் திறந்தால் பதவி நழுவும் என்று சோசியர் சொல்லியிருந்தார். டப்பா குங்குமப் பொட்டோடு பூசையறையில் குடியேறியது.

சோசியர் குறித்த வேளை ஒரு காலையில் வந்தது. நெல் குடோனைச் சாத்தி இருட்டாக்கி, சுவரில் வேட்டியைக் கட்டினார்கள். முன்வரிசையில் அதிகாரி துரை, பின்னால் ஊர்ச்சனம். கைப்பிடியைச் சுற்றியவள் கனகாம்பாள்.

வேட்டியில் அரங்கநாதன் சிரித்தார், கொடுத்தார், பிடுங்கினார், தள்ளினார், உடனே சிரித்தார். குடோன் அதிர்ந்தது. சிரிப்புப் படம் என்று நினைத்த துரை தொடையில் தட்டித் தட்டி ரசித்தார்.

"நிறுத்துடி!"

"கையைத் தூக்கினாத்தானே நிறுத்தணும்?"

தூக்கினார். அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்ததும் தையலம்மாள் வழிமறித்தாள். "குடுத்ததை ஊரே பாத்துச்சி. எங்கய்யா என் பொடவை?"

"என் தாய் வூட்டுது, நான் சொல்றேன், தையலுக்கே," என்றாள் கனகாம்பாள். "பவுனம்மாளுக்கும் மத்தவங்களுக்கும் அவரு பட்டு வேட்டிங்க இருக்குது. பெட்டியைத் தூக்கியாரச் சொல்லிட்டேன்."

துரை பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை கையை நீட்டியது. அரங்கநாதன் முதல் வேட்டியை எடுத்துக்கொண்டு, கொலைவெறியோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைக் கேமரா மறைத்திருந்தது.

"இங்கே பாக்காதீங்க," என்றாள். "அதான் தொழில்."