தண்ணீர் விழும்வரை

வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு கிளிமாக்கோ படியேறி வந்தபோது, எர்மென்சியா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அந்த மூஞ்சியில் விழிக்கக் கூடாது என்றே மூன்று வருஷமாகச் சுற்றுவழியில் துறைக்குப் போய்வருகிறவள் அவள். ஊர்ப் படகைக் கொளுத்தியது அவள் தம்பி எலியேசர்தான் என்று நீதிபதி முன்னால் சத்தியம் செய்தவன் இவன். தம்பிக்கு ஒன்பது வருஷம் ஜெயில். ஊர்ப் படகு எரிந்த மறுவாரமே சொந்தப் படகில் ஆளேற்றத் தொடங்கியவன் யார் என்று பார்த்தாலே கொளுத்தியவன் யார் என்று புரிந்துவிடும். ஆனாலும் ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"அக்கா, எம்பொண்ணு திருமுழுக்குக்கு நீதான் ஞானத்தாயா நிக்கணும்" என்றான் கிளிமாக்கோ, பூனைக்குட்டி மாதிரி.

அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. புது நீதிபதி வந்திருக்கிறார், அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டப் போகிறேன் என்று அவள் கடையில் சொன்னது இவன் காதுக்கு எட்டியிருக்கிறது. பிள்ளையை ஏந்தி நின்றுவிட்டால் அவள் இவனுக்குக் கொமாத்ரே, இவன் அவளுக்குக் கொம்பாத்ரே; ஞானத்தாய்க்கும் பெற்றவனுக்கும் கோவில் முடிச்சிடும் உறவு அது. இந்தப் பாசோ சித்ரோ ஊரில் கூடப்பிறந்தவர்கள் வெட்டிக்கொண்டதுண்டு. கொம்பாத்ரேமேல் கை ஓங்கியவரும் இல்லை, சாட்சி சொன்னவரும் இல்லை. ஞானத்தாயாக நிற்கக் கேட்டு மறுத்தவரும் இல்லை. பாவி, புனித நீரை ஊற்றியே அவள் வாயைக் கட்ட வந்திருக்கிறான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சரி, நிக்கறேன்" என்றாள்.

வழக்கப்படி பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைக்க உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு உஃபேமியா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "உனக்கு வெக்கமே இல்லையாடி? அங்க தம்பி கம்பி எண்ணறான், இங்க நீ அவனை உள்ள தள்ளினவன் மகளுக்கு லேஸ் வெக்கிறியா?"

"நல்ல லேஸ்தான் வெக்கிறேன். வந்து பாரு."

திருமுழுக்குக்கு முன் மூன்று சனிக்கிழமைகள் பெற்றோரும் ஞானத்தாயும் வகுப்புக்கு வரவேண்டும். உபதேசம் சொல்பவள் டோன்யா பிரெசென்டா. கிளிமாக்கோ பின்பெஞ்சில் குறட்டை விட்டான். எர்மென்சியாதான் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"நான் எப்பலேர்ந்து கொமாத்ரே? சரின்னு சொன்னதுலேர்ந்தா?"

"தண்ணி தலைல விழணும் தாயி. அதுவரைக்கும் நீ யாரோ, அவன் யாரோ."

"தகப்பன் ஊர்ல இல்லாமப் போனா?"

"பிள்ளைக்கு நீ பொறுப்பு. பின்ன எதுக்கு ஞானத்தாய்?"

"பொய்யை வாயில அடக்கிக்கிட்டு ஒருத்தன் சாத்தானை விட்டுட்டேன்னு சொன்னா?"

டோன்யா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அப்புறம் அது என்ன முழுக்கு? பழைய ஆள் செத்து புது ஆள் பொறக்கறதுக்குத்தானே தண்ணி? பெத்தவனே பொய் சொன்னா, பிள்ளை நனையும், அவ்வளவுதான்."

பிள்ளையின் தாய் நூபியாவுக்கு முகம் வெளுத்தது. திருமுழுக்குத் தண்ணீர் படாமலே இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் அவள். எர்மென்சியா அதைப் பார்த்தாள். பார்த்ததை மனதில் முடிந்துகொண்டாள்.

பாதர் அன்செல்மோ வருஷத்துக்கு இரண்டே முறைதான் ஆற்றில் படகேறி வருவார். அன்று கோவில் நிரம்பி வழிந்தது. முன்பெஞ்சில் ஊர் போலீஸ் இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்திருந்தார். எர்மென்சியாவின் கையில் குட்டி டோமிட்டிலா, லேஸ் சட்டையில்.

"சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்" என்றான் கிளிமாக்கோ, படகுக்கு ஆள் கூப்பிடும் குரலில்.

பாதர் சிப்பியில் தண்ணீர் மொண்டார். எர்மென்சியா பிள்ளையோடு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"இன்னொரு தரம் கேளுங்க பாதர். எந்தச் செயலைன்னு கேளுங்க."

"என்னம்மா இது?"

"ஊர்ப் படகை எரிச்ச செயலையும் சேர்த்து விடறானான்னு கேளுங்க. அது தெரியாம நான் பிள்ளையை நீட்ட மாட்டேன்."

ஞானத்தாய் பின்வாங்கிய பிள்ளையை அந்த ஊரில் வேறு யாரும் கையில் வாங்க மாட்டார்கள். கிளிமாக்கோ அவள் பக்கம் திரும்பினான். "ஏய், நீ எனக்குக் கொமாத்ரே! இப்படிப் பேசலாமா?"

"இன்னும் இல்ல. தூங்காம வகுப்பைக் கேட்டிருக்கணும்."

நூபியா புருஷனின் சட்டையைப் பிடித்தாள். "சொல்லித் தொலை! அன்னிக்கு உன் கையெல்லாம் மண்ணெண்ணெ நாத்தம். துவைச்சவ நான். ரெண்டை வாரிக் கொடுத்தேன், இதையும் வெறுமனே நனைச்சு எடுத்துட்டுப் போகணுமா? சொல்லு!"

அவன் மனைவியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். மண்டியிட்டான். "நான்தான்" என்றான். "எலியேசர் அந்தப் பக்கமே வரல. நான்தான் கொளுத்தினேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். எர்மென்சியா மூன்று வருஷமாகக் காத்திருந்த சொல் அது. சர்க்கரை மாதிரி இனித்தது, பொய் எதற்கு.

"இப்ப ஊத்துங்க பாதர்" என்று பிள்ளையை நீட்டினாள்.

மூன்று முறை தண்ணீர் விழுந்தது. டோமிட்டிலா வீறிட்டாள். கிளிமாக்கோ வெறிபிடித்தவன்போல் எழுந்து எர்மென்சியாமேல் கையை ஓங்கினான். "கொமாத்ரேடா!" என்று கோவிலே அலறியது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மெல்லக் கீழே வந்தது.

அவள் பிள்ளையின் நெற்றியை லேஸ் நுனியால் துடைத்தாள்.

"போயிட்டு வாங்க கொம்பாத்ரே. பிள்ளையைப் பத்திக் கவலை வேணாம், நான் பாத்துக்கறேன். பேச்சு வந்ததும் அவளுக்கு நான் சொல்ற மொதக் கதை உங்க கதைதான்."