சீல் இல்லாத பெட்டிகள்

வேப்பமரத்தடியில் குந்தியிருந்த கூலியாட்களுக்கு நடுவே, காலை ஆறரை மணிக்கு, நான் உலக வணிகத்தைக் குச்சியால் மண்ணில் வரைந்துகொண்டிருந்தேன். மேலிருந்து கீழே ஒரு கோடு, கீழிருந்து மேலே ஒரு கோடு. கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தை ஒட்டி, சங்காம்வேயில் எங்கள் கன்டெய்னர் யார்டின் வாசல் அது. உள்ளே பெட்டி எண்ணிக்கை எழுதும் குமாஸ்தா நான். அமெரிக்காவில் வங்கிகள் விழுந்ததற்கும், தேயிலை மூட்டை ஏற்ற இங்கே ஆள் கூப்பிடாததற்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ கேட்கப்போய் விளக்கினேன். அன்றிலிருந்து எனக்கு வாத்தியார் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. நைரோபியில் ஒரு கூட்டத்துக்கு மேனேஜருடன் அவர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனபோது, சரிந்த வேகத்திலேயே வணிகம் ஏறும் என்று ஒரு நிபுணர் திரையில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். அவர் கோட்டைத்தான் நான் என் கோடு போல வரைந்துகொண்டிருந்தேன்.

"சும்மா சொல்லல. போன மாசம் வாசல் தாண்டி கப்பலுக்குப் போன பெட்டி முந்நூத்திப் பத்து. இந்த மாசம் அறுநூத்தி நாப்பது. நானே எண்ணினது," என்றேன்.

"பெட்டி போகுது சரி, நம்மளை ஒருத்தனும் கூப்பிடலையே?" என்றான் ஒதுவோர். எதற்கும் குறுக்குக் கேள்வி கேட்பவன்.

"கோடு இப்பத்தான் திரும்பியிருக்கு. வேலை வர ரெண்டு மாசம் ஆகும்."

காபிக்கார பக்காரி செம்புக் கூஜாவைச் சாய்த்து எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றினார், காசு வாங்கவில்லை. கூலியாட்களில் செங்கோ மட்டும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி டமாவின் அண்ணன் மலிந்திக்கு வடக்கே உப்பளத்தில் மேஸ்திரி. அங்கே ஒரு நிரந்தர வேலை காலியாகியிருந்தது, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் உப்பளத்துக்குப் போனால் பதினோரு வருடமாக யார்டில் பிடித்துவைத்திருந்த இடம் போய்விடும். ஆள் கூப்பிடும்போது முதல் வரிசையில் நிற்கும் உரிமை அது, அதை விட்டுப் போனவன் திரும்பி வந்தால் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

வியாழக்கிழமை, வாசலில் பதிவேடு எழுதும் நாஃபுலாவிடம் என் எண்ணிக்கையைப் பெருமையாகக் காட்டினேன். அவள் தன் நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள்.

"வாத்தியாரே, இந்தக் கட்டத்தைப் பாக்கவே இல்லையா? சீல் நம்பர் எங்க இருக்கு?"

பக்கம் பக்கமாக அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. சரக்கு இருக்கும் பெட்டியைத்தான் பூட்டி சீல் வைப்பார்கள். சீனாவில் பெட்டிக்குத் தட்டுப்பாடு, அதனால் யார்டில் துருப்பிடித்துக் கிடந்த காலிப் பெட்டிகளையெல்லாம் கப்பல்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். உலகம் எங்கோ எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டதுதான். எங்களிடமிருந்து அது எடுத்துக்கொண்டு போனது காற்றை. நான் வரிகளை எண்ணினேனே தவிர கட்டங்களைப் பார்க்கவில்லை. அறுநூற்று நாற்பதில் சீல் இருந்தது எழுபத்திரண்டு.

இரவெல்லாம் நல்ல மனிதனாகத்தான் இருந்தேன். விடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் படுத்தேன், வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன. காலையில் மரத்தடிக்குப் போனால் வழக்கத்தைவிடக் கூட்டம். செங்கோ சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், கையில் போன்.

"வாத்தியாரே, கடைசியா ஒரு தடவ கேட்டுக்கறேன். டமா போயிடலாம்னு அழுவுறா. நான் இருக்கவா, போகவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒதுவோர் வாயோரத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, "என்ன வாத்தியாரே, கோடு இன்னும் மேலதான் போகுதா, இல்ல ராத்திரி எறங்கிருச்சா?" என்றான். அந்தச் சிரிப்பு ஒன்றுதான். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை, தேடியும் பார்த்துவிட்டேன்.

"இரு," என்றேன். "ரெண்டு மாசம் பொறு."

அவன் அங்கேயே நின்று மைத்துனனுக்குப் போன் செய்தான். பக்காரி எனக்கு ஊற்றிய காபியைக் குடித்தேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

இரண்டு மாதம் போய் மூன்றாவது மாதமும் பாதி ஆகிவிட்டது. உப்பளத்து வேலைக்கு வேறொருவன் போய்விட்டான். டமா பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மரத்தடிப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக வந்துபோகிறேன். போன வாரம் தற்செயலாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன், ஒதுவோர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். செங்கோவின் குரல் அவனை மடக்கியது: "வாத்தியாரைச் சொல்லாதே. படிச்ச மனுஷன் பொய் சொல்ல மாட்டார். கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், அவ்வளவுதான்." அவன் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

இன்று அவனுக்கு உள்ளே ஒருநாள் வேலை. ஏற்றுவதற்கு முன் பெட்டிகளின் வெளிப்புறத்தில் பழைய ஸ்டிக்கர்களைச் சுரண்ட வேண்டும். என்னை ஜன்னலில் பார்த்ததும் கை உயர்த்தி ஓடி வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு பெட்டி. நீங்க சொன்ன மாதிரியே வந்துருச்சு." கொஞ்சம் தயங்கினான். "ஆனா தட்டிப் பாத்தேன் வாத்தியாரே. கணீர்னு கேக்குது. நெறஞ்ச பெட்டி அப்படிக் கேக்காதே."

இப்போது சொல்லிவிடலாம். என் மேஜை மேல் பட்டியல் கிடந்தது, சீல் கட்டம் முழுக்க வெறுமை. வாயைத் திறந்தேன்.

"மொத வரிசைதானே இது," என்று அவனே சொல்லிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்காமல். "பின்னாடி இருக்கறதுல சரக்கு இருக்கும்."

சுரண்டும் தகட்டை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டாவது வரிசைக்கு நடந்தான். ஒரு பெட்டியை விரல் முட்டியால் தட்டி, காதை இரும்பில் வைத்துக் கேட்டான். அடுத்ததைத் தட்டினான். அதற்கும் அடுத்ததை. ஒவ்வொரு ஒலியும் வெயிலில் தெளிவாக என் ஜன்னல் வரை வந்தது.