பந்தி நேரத்து வாசிப்பு

காது இரையத் தொடங்கிய பிறகு சாமிதுரை திருவிழா மேடைகளை விட்டுவிட்டார். மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தே தலை நரைத்தவர், இப்போது ஒத்துக்கொள்வதெல்லாம் திருக்கடையூர் அறுபதாம் கல்யாணங்கள்தான். பந்தி நடக்கும்போது, சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்கு இடைஞ்சலில்லாத வாசிப்பு.

வேலை பிடித்துத் தருபவன் மைக் செட் ஹாஜா மைதீன். அன்றைய கல்யாணப் பத்திரிகையில் 'கோ. இராஜாங்கம்' என்று மட்டும் இருந்தது. பேருக்குப் பின்னால் சாதியை ஒட்டுவதைத் தமிழ்நாடு விட்டுப் பல காலமாயிற்று, நல்ல காரியம்தான். ஆனால் இந்த இராஜாங்கம் யார் வீட்டுப் பிள்ளை என்பது, மண்டபத்தில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்த பிறகே சாமிதுரைக்குத் தெரிந்தது. பழைய மிராசுதார். அதே மீசை.

கூலி உயர்வு கேட்டு ஆட்கள் அறுப்புக்கு இறங்காத வருஷம், சாமிதுரையின் அப்பா வீரையனைக் களத்தில் கட்டிவைத்து அடித்தவர் அவர். மறுநாளே தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பறையடிக்க அதே வீரையனைக் கூப்பிட்டனுப்பினார். வீரையன் போகவில்லை. குடும்பத்தோடு மன்னார்குடிக்கு நடந்தார். "அந்த வீட்டு விசேஷத்துல நம்ம கையால ஒரு சத்தம் எழும்பக் கூடாது" என்றார். சாகும்வரை பிள்ளையிடம் வேறெதுவும் அவர் கேட்டதில்லை.

"இலை போட்டாச்சு, வாசிக்க உக்காருங்கண்ணே" என்றான் ஹாஜா. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தான். "எல்லாருக்கும் கண்ணு வடை மேல இருக்கு. யாரு வாசிச்சான்னு எவன் கேக்கப் போறான்?"

"அதுதான்டா உறுத்துது. யாருக்கும் தெரியாமப் போறது."

பட்டு வேட்டியும் மாலையுமாக இராஜாங்கமே வந்துவிட்டார். "என்னங்க, ஆரம்பிக்கலையா?"

"எங்கப்பா வீரையன். உங்க பண்ணையில இருந்தவர்."

இராஜாங்கத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "அதெல்லாம் அந்தக் காலம். நான் கட்சிக்காரன், எனக்கு எல்லாரும் ஒண்ணு. வாசிங்க."

"வாசிக்கிறேன். வீரையன் மகன் சாமிதுரை வாசிக்கிறார்னு மைக்குல ஒரு வார்த்தை நீங்க சொல்லுங்க. போதும்."

முதல் வரிசையில் ஊர்ப் பங்காளிகள் இருந்தார்கள். இராஜாங்கம் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விசேஷ வீட்டுல அது எதுக்குங்க?"

சாமிதுரை கீபோர்டை உறையில் போட்டார்.

"இனிமே எந்த மண்டபத்துல என்னை உள்ளே விடுவான்?" என்றான் ஹாஜா. கண் கலங்கியிருந்தது. சாமிதுரை உறையின் ஜிப்பை இழுத்து மூடித் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவர் வாசலைத் தாண்டும்போது உள்ளே ஹாஜா போட்ட சிடி ஒலிக்கத் தொடங்கியது. அவர் வாசிப்பதைப் போலவே மெதுவாக இருந்தது. இலையிலிருந்து ஒருவரும் நிமிரவில்லை.