செத்த ஒயர்

டிஷ் ஆண்டெனா மாட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. படம் தெரிந்தால் போதும் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஒரு ரகம். ஸ்கேல் அந்த ரகமில்லை. கோடு போட்டதுபோல் கேபிள் இழுப்பான் என்பதால் கடையில் அந்தப் பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டது. கிளிப்புக்குக் கிளிப் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். மூலையில் கேபிள் முறியாமல் வளைய வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. "ஒயரைப் பாக்கவாடா ஜனங்க டிவி வாங்குறாங்க?" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் அடிப்பார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

அந்த டீச்சரைப் பார்த்ததும் அவனுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான். கதவைத் திறந்த கையோடு அவள் சொன்ன முதல் பேச்சே அவனுக்குத் தேன்.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். கண்ணுல ஒரு ஒயர் படக்கூடாது. முன்ன போட்ட கேபிள்காரங்க வீட்டை எப்படி வச்சிருக்காங்க பாருங்க."

ஹாலைப் பார்த்தான். சுவரோரம் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகப் பழைய ஒயர்கள் சிக்குப்பிடித்த தலைமயிராகக் கிடந்தன. எவனோ ஒரு புண்ணியவான் வளைந்த ஆணிகளை அடித்து வேறு வைத்திருந்தான். ஸ்கேலுக்குக் கை பரபரத்தது.

"எதை எடுக்கணும் டீச்சர்?"

"எல்லாத்தையும் எடுத்துடுங்க. அந்தக் குப்பை ஒண்ணு இருக்கக்கூடாது."

பின்னறையில் அவள் கணவர் படுத்திருந்தார். பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே வாதம் அடித்து, வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இடது கையும் இரண்டு கண்களும்தான். கால்பந்து என்றால் உயிராம். அவருக்காகத்தான் இந்த டிவியே. சாயங்காலம் ஒரு ஆட்டம் இருக்கிறது. அதற்குள் ஹாலில் படம் வந்துவிட்டால், சக்கர நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடலாம் என்று டீச்சர் கணக்குப் போட்டிருந்தாள்.

ஸ்கேல் எட்டிப் பார்த்து, "மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முடிச்சுடுறேன்ணே" என்றான். டிரைவரின் முகத்தில் பாதி சிரித்தது.

மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்தான். டிஷ் தட்டை நிறுத்தி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். சிக்னல் ஏறி நின்றதும் நட்டை இறுக்கினான். மழைத் தண்ணீர் கேபிள் வழியாக வீட்டுக்குள் வராமல், துளைக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றினான். கீழே வந்து தள்ளி நின்று பார்த்தபோது, கல்யாணப் பெண்ணை அலங்கரித்தவளுக்கு வரும் திருப்தி அவனுக்கு வந்தது.

ஹாலில் சுவரைத் துளைக்க வேண்டியிருந்தது. தூசி நோயாளிக்கு ஆகாதே என்று அவனே பின்னறைக் கதவைச் சாத்தினான். அந்த நேரம் பார்த்து டீச்சர் பையோடு வந்தாள்.

"தம்பி, மருந்துக் கடைவரைக்கும் போயிட்டு ஓடி வந்துடுறேன். அவருக்கு ஏதாவது வேணும்னா மணி அடிப்பாரு. கொஞ்சம் காதுல போட்டுக்கங்க."

"நீங்க கவலைப்படாம போயிட்டு வாங்க."

மணி என்றதும் ஸ்கேலின் மனதில் வந்தது பள்ளிக்கூடப் பியூன் கையில் பிடித்து ஆட்டும் பித்தளை மணி. டீச்சர் வீடல்லவா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

துளை போட்டு முடித்ததும் பழைய ஒயர்களில் கை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற ஆளில்லை அவன். ஒவ்வொன்றிலும் முனையைச் சுரண்டி டெஸ்டரை வைத்துப் பார்த்தான். விளக்கு எரிந்தால் உயிருள்ள ஒயர். எரியாவிட்டால் செத்த ஒயர். இதுதான் அவன் தொழிலின் பாலபாடம். பழைய கேபிள் எல்லாம் செத்துத்தான் கிடந்தன. கடைசியில் சமையலறைச் சுவரிலிருந்து வந்த சாம்பல் நிற ஒயர் ஒன்று மிஞ்சியது. டெலிபோன் ஒயர்போல ஒல்லி. நடுவில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி சுற்றி ஒட்டுப் போட்டிருந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. டெஸ்டர் எரியவில்லை.

"நீயும் செத்தவன்தானா?" என்று சொல்லி, சுவரோடு ஒட்ட வெட்டினான்.

அதன்பின் டிவியை மாட்டினான். கேபிளைப் பிளாஸ்டிக் பட்டைக்குள் வைத்து மூடினான். படம் பளிச்சென்று வந்தது. ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பச்சைப் புல் தரையில் யாரோ பந்தை உதைத்தார்கள். சத்தத்தைக் கூட்டிப் பார்த்து, குறைத்தான். பின்னறையிலிருந்து மணிச் சத்தம் எதுவும் இல்லை. பாவம், தொந்தரவே கொடுக்காத மனுஷன் என்று நினைத்தான்.

மிச்சம் அந்தச் சாம்பல் ஒயரை உருவிச் சுருட்டுவதுதான். ஆணி ஆணியாகப் பிடுங்கிக்கொண்டே போனான். ஒயர் சுவரோரமாகவே போய்ப் பின்னறைக் கதவுக்கு அடியில் நுழைந்தது. இழுத்தான். வரவில்லை. உள்ளே எங்கோ ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று கொஞ்சம் பலமாக இழுத்தான். ஒரு முழம் வந்தது.

பிறகு ஒயர் அவனை இழுத்தது.

ஸ்கேல் தன் கையைப் பார்த்தான். பிரமை என்றுதான் நினைத்தான். மறுபடியும் வெடுக்கென்று ஒரு இழுப்பு. விரலிலிருந்து ஒயர் நழுவி, கதவுக்கு அடியில் அரையடி உள்ளே போயிற்று. மணி. டீச்சர் சொன்ன மணி. இது சமையலறையில் அடிக்கிற காலிங்பெல்லின் ஒயர். பேட்டரியில் ஓடுகிற மணிக்கு எந்த டெஸ்டர் எரியும்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

கட்டிலில் டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் இல்லை. மெத்தைக்கும் கட்டிலின் இரும்புக் கம்பிக்கும் இடையில் சரிந்து, குப்புறச் செருகிக் கிடந்தார். முகம் தலையணைக்குள் புதைந்திருந்தது. இடது கை மட்டும் பின்னால் நீண்டிருந்தது. அதில் சோப்பு அளவு ஒரு சுவிட்சு. சாம்பல் ஒயர் அந்த மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. பெருவிரல் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தது. எப்போதிருந்து அழுத்துகிறாரோ! அழுத்தி அழுத்தி யாரும் வராமல்தான் தானே எழப்பார்த்திருக்கிறார்.

"அண்ணே! ஐயோ, அண்ணே!"

எப்படித் தூக்கினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அக்குளில் கை கொடுத்து, இழுத்து, ஒருக்களித்துப் போட்டான். உதடு கறுத்திருந்தது. கண் மேலே செருகியிருந்தது. முதுகில் தட்டினான். வாயைத் துடைத்தான். மறுபடி தட்டினான். நெஞ்சு எழவில்லை. ஹாலில் கூட்டம் ஹோவென்று கத்தியது. யாரோ கோல் போட்டுவிட்டான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் டிரைவரின் தொண்டையில் ஏதோ களுக்கென்று உடைந்தது. ஒரு மூச்சு, இரும்பை அறுப்பதுபோல உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று.

ஸ்கேல் தரையில் உட்கார்ந்து அழுதான். டிரைவரின் கை சுவிட்சை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

தெருக்கதவு திறந்தது. "அட, படம் வந்துடுச்சா! எவ்வளவு நீட்டா இருக்கு தம்பி, ஒரு ஒயர்கூடத் தெரியலையே!" என்று ஹாலிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. தொடர்ந்து அவளே அறை வாசலில் வந்து நின்றாள். கலைந்த படுக்கை, கறுத்த உதடு, தரையில் உட்கார்ந்து அழுகிற ஆள். மருந்துப் பை கையிலிருந்து நழுவியது.

"என்ன ஆச்சு? மணி அடிச்சாரா? அடிச்சாரா இல்லையா தம்பி?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. தானாகச் சரிந்துவிட்டார், நான் ஓடிவந்து தூக்கினேன் என்று சொல்லிவிடலாம். கையெடுத்துக் கும்பிடுவாள். நடந்ததைப் பார்த்த ஒரே ஆளுக்கு வாய் இல்லை. அந்த ஆள் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிச்சாரு டீச்சர். அடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்காரு. நான்தான் அந்த ஒயரை அறுத்துட்டேன்."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. தரையில் கிடந்த சாம்பல் ஒயரையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாத்தையும் எடுங்கன்னு நான்ல சொன்னேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. அப்புறம் குரல் வெடித்தது. "எந்திரிங்க. வெளிய போங்க. முதல்ல வெளிய போங்க!"

ஸ்கேல் எழப் பார்த்தான். முடியவில்லை. டிரைவர் அவன் கையை விடவில்லை. டீச்சர் குனிந்து, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். பிரித்த விரல் திரும்பப் போய் இறுகிக்கொண்டது. அந்தப் பெருவிரல் ஸ்கேலின் மணிக்கட்டு எலும்பின்மேல் அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. நிறுத்தாமல்.

டீச்சர் தன் கையை எடுத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கேக்குதுண்ணே" என்றான் ஸ்கேல். "வந்துட்டேன். கேக்குது."