முயல் டின்

கேன்டீன்காரனுக்குத் தன் நாக்கின் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. அண்டா பக்கத்தில் நின்று ஆவியை முகர்ந்தாலே உப்பு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவான் என்று அவனே சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் அவன் போடுவதைச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரே பெண் குழந்தை. தாய்ப்பால் போதாமல் போனபோது, புட்டிப்பால் கொடுக்கச் சொல்லி நர்ஸ் எழுதிக் கொடுத்தாள். அதன்பிறகு வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. நல்ல பெயரெடுத்த பால் பவுடராகப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தான். ஒவ்வொன்றையும் குழந்தை வாயில் வாங்கி, முகத்தைச் சுளித்து, துப்பியது. கடைசியில் கடையின் கீழ்த்தட்டில், பச்சை நிறத்தில் முயல் படம் போட்ட ஒரு டின் கிடைத்தது. அந்தக் கடையில் இருப்பதிலேயே மலிவு அதுதான். குழந்தை அதை மடக் மடக்கென்று குடித்துவிட்டு ஏப்பம் விட்டது.

"பாத்தியா?" என்று மனைவியிடம் சொன்னான். "விலையைப் பாத்து மயங்கல. ருசியைப் பாத்திருக்கா. என் நாக்கு அப்படியே வந்திருக்கு."

மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் துணி ஆல்டர் செய்து தருகிறவள். அந்த நேரத்தில் உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தாள்.

ஆறேழு மாதம் இப்படியே நல்லபடியாகப் போயிற்று. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் வழக்கமான மருந்துக்கடையில் நின்று, "ஒரு முயல் குடுங்க" என்றான்.

"முயல் நின்னுபோச்சுங்க" என்றார் கடைக்காரர்.

"நின்னுபோச்சுன்னா?"

"கம்பெனி நிறுத்திட்டாங்க. இப்ப இதுதான் வருது." தங்க நிறத்தில் ஒரு டின்னை எடுத்து முன்னால் வைத்தார். முயல் இருந்த இடத்தில் ஒரு கிரீடம். பெயர் 'தங்கத்துளி பிளஸ்'. விலையைப் பார்த்ததும் கேன்டீன்காரனுக்குக் கண்ணைக் கட்டியது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"இது வேற பாலா?"

"அதே பாலுன்னுதான் சொல்றாங்க. பேரும் டின்னும்தான் மாத்தியிருக்காங்களாம்."

"பேரை மாத்தினதுக்கா இந்த விலை? நான் நாளைக்குப் பேரை மாத்திக்கிட்டா எனக்கு யாராவது சம்பளத்தை ஏத்துவாங்களா?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "காலையிலேர்ந்து வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. ஒரு அம்மா அழுதுட்டாங்க. ஒரு பெரியவர் குடையால கண்ணாடியைத் தட்டிட்டுப் போறார். நான் என்னங்க பண்ண? முயலை மடியில ஒளிச்சு வெச்சிருக்கேனா?"

கேன்டீன்காரன் அங்கே இருந்த இலவச மாதிரிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான். கடையில் நின்ற இரண்டு பேர் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள்.

"வேற" என்றான். "சத்தியமா வேற. ஏதோ குறையுது. இதை எம்பொண்ணு தொடமாட்டா."

வீட்டிலிருந்த டின்னில் பாதிதான் மிச்சம். அது தீர்ந்தால் குழந்தை எதைக் குடிக்கும்? பழைய நாட்களின் துப்பலும் அலறலும் அவன் நினைவுக்கு வந்தன.

மறுநாள் மதியக் கூட்டம் ஓய்ந்ததும் பாத்திரம் கழுவும் தொட்டி பக்கத்தில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டான். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டு ஒரு தாலாட்டைப் போட்டார்கள். அவனுக்கே தூக்கம் வரும் நேரத்தில் ஒரு பெண்குரல் வந்தது.

"தயாரிப்பு அதேதான் சார். வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்தியிருக்கோம்."

"யாரோட அனுபவத்தைம்மா? எம்பொண்ணுக்கு இன்னும் பல்லே வரல."

"புரியுது சார்."

"அதே பால்னா அதே விலைக்குக் குடுங்க. இல்லன்னா அந்த முயலையாவது திருப்பிக் குடுங்க."

"உங்க கருத்தை மேலிடத்துக்குத் தெரியப்படுத்தறோம் சார். எங்க சேவைக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மதிப்பெண் குடுங்க."

ஒன்றை அழுத்தத்தான் போனான். கையெல்லாம் சோப்பு நுரை. விரல் வழுக்கி ஐந்தில் போய் விழுந்தது. "மிக்க நன்றி, உங்கள் பாராட்டு எங்களுக்கு ஊக்கம்" என்று சொல்லிவிட்டுப் போன் அடங்கியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் கொட்டித் தீர்த்தான். மனைவி ஒரு பேண்ட்டின் காலைக் குட்டையாக்கிக்கொண்டே கேட்டாள்.

"வியாழக்கிழமை நீங்க பண்றதுதானே இது?"

"நான் என்ன பண்றேன்?"

"புதன்கிழமை மிஞ்சின காய்கறி சூப்பை சுட வெச்சு, பலகையில 'தோட்டத்து ஸ்பெஷல்'னு எழுதி, கூடுதலா வாங்கறீங்களே."

"அது வேற, இது வேற. நான் மேல கொத்தமல்லி தூவறேன்."

"அவங்க கிரீடம் தூவியிருக்காங்க."

கேன்டீன்காரனுக்கு முணுக்கென்று கோபம் வந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி கடை கடையாக அலைவதுதான். எங்கேயாவது ஒரு மூலையில் பழைய முயல் பதுங்கியிருக்காமலா போகும் என்று கிளம்பினான்.

தினமும் வேலை முடிந்ததும் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினான். செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. வீட்டு டின்னில் இருந்த தூள் குறையவே இல்லை. ஒரு வாரம் ஆகியும் அதே பாதியில் நின்றது.

"தண்ணியை அதிகமா ஊத்தறியா?" என்று ஒருநாள் பயந்துபோய்க் கேட்டான்.

"அளவு மாறாமத்தான் கலக்கறேன். சிந்தாம சிதறாம எடுக்கறேன். நீங்க போய்த் தேடுங்க, நேரமாகுது."

பெண்டாட்டியின் சிக்கனத்தை நினைத்து அவனுக்குப் பெருமையாக இருந்தது. நம் வீட்டில் இருப்பது அட்சய பாத்திரம் என்று கேன்டீனில் ஒன்றிரண்டு பேரிடம் சொல்லவும் செய்தான்.

கடைசியில் ஊரின் அடுத்த கோடியில், பஸ் டிப்போவுக்கு எதிரே இருந்த ஒரு பழைய கடையில் முயல் அகப்பட்டது. மேல்தட்டில், தூசி படிந்து, ஒரே ஒரு டின். கடைக்காரர் ஏணி போட்டு இறக்கி, தேதியைப் பார்த்துத் துடைத்து மேஜையில் வைத்தார். கேன்டீன்காரன் கையை நீட்டினான். அதே நேரத்தில் பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து டின்னின் மறுபாதியைப் பிடித்தது.

காக்கிச் சட்டை, தோளில் தோல்பை. பஸ் கண்டக்டர். வாழ்நாள் முழுக்கச் சில்லறை கேட்டுக் கேட்டு அலுத்துப்போன முகம்.

"நான்தான் முதல்ல கேட்டேன்" என்றான் கேன்டீன்காரன்.

"நேத்தே பாத்து வெச்சுட்டுப் போனேன் தம்பி. டியூட்டி முடிஞ்சு வர்றேன்னு சொல்லிட்டுப் போனேன்" என்றார் கண்டக்டர். கடைக்காரர் கூரையைப் பார்த்தார்.

இருவரும் டின்னை விடவில்லை. இழுக்கவும் இல்லை. நாகரிகமான மனிதர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குழந்தை எத்தனை மாதம், எடை எவ்வளவு, எதையெல்லாம் துப்பியது என்று இருவரும் சொல்லி முடித்தார்கள். எல்லாவற்றிலும் கண்டக்டர் பக்கமே நியாயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதைப் பார்த்துப் பயந்துதான் கேன்டீன்காரன் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்தது.

"எனக்கு ரெட்டைங்க."

கண்டக்டரின் கை தளர்ந்தது. "ரெட்டையா? ரெண்டும் பொண்ணா?"

"ஒண்ணு பொண்ணு. ஒண்ணு... பையன்."

"அடப் பாவமே. எடுத்துக்குங்க தம்பி. எனக்கு ஒண்ணுதான், எப்படியாவது சமாளிச்சுக்கறேன்." டின்னை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, "ரெண்டும் ஒரே நேரத்துலயா அழுவும்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

"மாத்தி மாத்தி அழுவும்" என்றான் கேன்டீன்காரன். வீடு வரும்வரை டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தான். ஜெயித்த சந்தோஷம் பாதி வழியிலேயே தீர்ந்துபோயிற்று. பாவமே என்று அந்த மனிதர் சொன்ன குரல் மட்டும் கூடவே வந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பசிக்கும் பிள்ளை பெரிது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டின்னின் சீலை உடைத்து, சுத்தமான ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தான். முகம் மாறிப்போயிற்று.

"போச்சு. ஏமாந்துட்டேன். இது போலி."

"என்னது?" மனைவி மெஷினை நிறுத்தினாள்.

அடுப்படியிலிருந்த அட்சய பாத்திரத்தை எடுத்துவந்து அதிலும் ருசி பார்த்தான். "இது அசல். இந்த வாசனை, இந்த நயம் அதுல இல்ல. எனக்கா தெரியாது? அந்தக் கடைக்காரன் எவனோ பண்ணின கலப்படத்தை என் தலையில கட்டிட்டான்."

மனைவி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. துணி மடியிலிருந்து விழ, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தொட்டிலில் கிடந்த குழந்தையும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தது. பிறகு அவள் எழுந்து, துணி வெட்டுத்துண்டுகள் போடும் கூடைக்கு அடியிலிருந்து ஒரு நீல பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். படம் இல்லை, கிரீடம் இல்லை. வெறும் எழுத்து. முயலைவிடவும் விலை குறைவு.

"நீங்க அசல்னு சொல்றது இது. நர்ஸ்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். இந்த வயசுக்கு ஏத்ததுதான், தாராளமா குடுங்கன்னாங்க. நீங்க தேடக் கிளம்பின அன்னையிலேர்ந்து இதைத்தான் குடிக்கிறா. பழைய தூளை வேற டப்பாவுக்கு மாத்திட்டு, தீரத் தீர இதை முயல் டின்னுல கொட்டி வெச்சேன்."

கேன்டீன்காரன் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "அப்ப டின்னைக் காட்டிப் பாப்பாவை ஏமாத்தியிருக்க."

"பாப்பாவை எதுக்கு ஏமாத்தணும்? டின்னு உங்களுக்கு."

"எனக்கா?"

"ஒவ்வொரு தடவையும் என்ன பண்ணினீங்க? அவளை மடியில வெச்சுக்கிட்டு முதல்ல நீங்க ருசி பாப்பீங்க. விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சியைச் சுளிப்பீங்க. அவ உங்களையே பாத்துக்கிட்டு இருப்பா. அப்புறம் அவளும் அதே மாதிரி சுளிச்சுத் துப்புவா. முயல் டின்னு வாங்கின அன்னைக்கு மட்டும் விலை குறைவுங்கற சந்தோஷத்துல பல்லெல்லாம் தெரிய சிரிச்சீங்க. அவளும் குடிச்சா. உங்க நாக்கு அவளுக்கு வரலைங்க. மூஞ்சிதான் வந்திருக்கு."

அவன் குழந்தையைப் பார்த்தான். குழந்தை அவனைப் பார்த்தது. அவன் அசடு வழிந்தான். அதுவும் வழிந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நின்னு ருசி பாத்திருப்பீங்க. அதான் சாயங்காலமானா தேடப் போங்கன்னு விரட்டினேன்."

மறுநாள் டிப்போவுக்குப் போய், விசாரித்து, கண்டக்டரின் பஸ்ஸில் ஏறினான். கூட்டம் நெரிந்தது. டின்னை நீட்டியதும் அவர் கையைக் கட்டிக்கொண்டார். "வேணாம் தம்பி. ரெட்டைக்கு வேணும்."

"ரெட்டை இல்லைங்க."

"என்னாச்சு?" கண்டக்டர் பதறினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஒண்ணும் ஆகல. முதல்லேர்ந்தே ஒண்ணுதான். டின்னுக்காகப் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

கண்டக்டர் டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீல் உடைஞ்சிருக்கே?"

"ருசி பாத்தேன். ஒரு ஸ்பூன் நுனிதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, நீல பாக்கெட்டையும் நர்ஸ் சொன்னதையும் மனைவி கண்டுபிடித்ததையும் சொன்னான். "உங்க நர்ஸ்கிட்டயும் காட்டிக் கேட்டுக்குங்க. இன்னொண்ணு, பாப்பாவுக்கு ஊட்டும்போது நீங்க எதிர்ல நிக்காதீங்க."

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன?"

சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் டின்னைத் தோல்பையில் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்து நீட்டினார். ஒரு முழு டிக்கெட், இரண்டு அரை டிக்கெட்.

"அரை டிக்கெட் எதுக்குங்க?"

"ரெட்டைக்கு."

கேன்டீன்காரன் மூன்றுக்கும் காசு கொடுத்தான்.

அன்று சாயங்காலம் மனைவி நீல பாக்கெட்டை அவன் கண்ணெதிரேயே பிரித்துப் பால் கலக்கினாள். குழந்தை அவன் மடியில் உட்கார்ந்திருந்தது. புட்டியை வாங்கும்போது பழக்கதோஷத்தில் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தான். நேற்று நயமாக இருந்த அதே பால்தான். பெயர் தெரிந்துவிட்டதாலோ என்னவோ இன்று நாக்கில் இடித்தது. உப்புச்சப்பில்லை, அடியில் ஒரு கசப்பு, முடிவில் ஏதோ காகித வாடை. சொல்லத்தான் வாயெடுத்தான்.

குழந்தை கண்ணை எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேன்டீன்காரன் எச்சிலை விழுங்கினான். பல்லெல்லாம் தெரிய, கன்னம் வலிக்கச் சிரித்தான். குழந்தையும் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்து, புட்டியைப் பிடித்துக்கொண்டது.