பச்சை மாறாத புல்

செம்பாக்கம் ஏரிப் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே தீவனக் கவலைதான். மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது, வைக்கோல் ஊறி நாறிவிடும். போன மழைக்கு அந்த நாற்றத்தைத் தின்றுதான் சுந்தர்சிங்கின் மூன்று மாடுகளில் இரண்டு போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது கறுப்பி ஒருத்தி. அவள் இப்போது ஏழு மாசச் சினை.

"இதுவும் பூட்சின்னா அவ்ளோதான் ஜெரூஷா. கொட்டாயைப் பிரிச்சிட்டு எங்கனா வாட்ச்மேனா நிக்க வேண்டியதுதான்" என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தான்.

அதனால் இந்த வருஷம் மனுஷன் உஷாராகிவிட்டான். யாரோ போனில் அனுப்பிய வீடியோவில் ஒருவர், வெயிலே இல்லாமல் சூடான காற்றை ஊதிப் புல்லைக் காயவைத்தார். "பச்சை மாறக் கூடாது, அதுதான் சத்து" என்றார். போதாதா? மூடிப்போன லாண்டரிக் கடையிலிருந்து பழைய ஹீட்டரும் ராட்சத ஃபேனும் வந்து இறங்கின. கொட்டகை ஓரத்தில் தகரத்தால் ஓர் அறை அடித்து, உள்ளே கம்பிவலைத் தட்டுகள் மாட்டினான். கரும்பாட்டம் தண்டு தடித்த தீவனப்புல்லை அறுத்து வந்து பரப்பினான். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்ட, உள்ளே தேயிலை வாசனை அடித்தது.

அவ்வப்போது ஓர் இலையை எடுத்து நெரித்துப் பார்ப்பான். அப்பளமாக நொறுங்கினால் சுவிட்சை அணைத்துவிடுவான். இன்னும் கொஞ்சம் விட்டால் நிறம் வெளுத்துவிடுமே என்று பயம். "பாருண்ணா, பச்சை அப்டியே கீது" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் இழுத்து வந்து காட்டினான். பிறகு கயிறு போட்டு இறுக்கி, கட்டுக் கட்டாக அடுக்கினான்.

ஒருநாள் ஜெரூஷா கட்டுக்குள் கையை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, உள்ள இந்தக் கொதி கொதிக்குது?"

"மெஷின் சூடு. ஆறிடும்."

"மெஷினை நிறுத்தி எத்தினி நாளாவுது! இன்னுமா ஆறல?"

"உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். கம்முனு போ."

சொன்னதோடு விட்டானா? குளிரில் கறுப்பி நடுங்குகிறாளே என்று அவளைக் கொண்டுபோய் அந்தக் கட்டுகளை ஒட்டியே கட்டினான். அவள் வெதுவெதுப்பில் சாய்ந்துகொண்டு, நினைத்தபோதெல்லாம் உருவி உருவித் தின்றாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மனசு நிறைந்தது.

கன்று செத்தே விழுந்தது. மேலே மயிர்கூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

மாட்டு டாக்டர் பத்ரி வந்தார். கறுப்பியைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டின் கயிற்றை அறுத்தார். வெள்ளையாகத் தூசு கிளம்பி எல்லோருக்கும் இருமல் வந்தது. உள்ளிருந்து ஒரு தண்டை எடுத்துக் கணுவில் ஒடித்தார். ஈரம் கசிந்தது.

"இலைதான் காய்ஞ்சிருக்கு. தண்டு காயவே இல்ல. ஈரத்தோட இறுக்கிக் கட்டினா உள்ளயே புழுங்கி பூசணம் பிடிச்சிடும். அதைத் தின்னா கரு எப்படித் தங்கும்?"

"பச்சை மாறக் கூடாதுன்னாங்களே சார்..."

பத்ரி கை கழுவிக்கொண்டே சொன்னார்: "நிறம்தான்பா பச்சையா இருக்கணும். புல்லு பச்சையா இருக்கக் கூடாது."

ஜெரூஷா கீழே சிந்திய புல்லைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே சொன்னேனே என்று கேட்டுத் தொலைத்திருக்கலாம், அவன் நெஞ்சாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

டாக்டர் போனதும் சுந்தர்சிங் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து மழையில் எறிந்தான். அவை விழுந்த இடத்தில் ஆவி பறந்தது. கொட்டகையில் வேறு தீவனம் ஒரு பிடி கிடையாது. கன்றை இழந்த கறுப்பிக்குப் பசி. கயிற்றை இழுத்துக்கொண்டு, அவன் தூக்கிய கடைசிக் கட்டில் வாயை வைத்துக் கவ்விவிட்டாள்.

"வேணாம்டி. என் தாயே, வேணாம்டி" என்று அழுதுகொண்டே அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினான். அவள் பல்லை இறுக்கிக்கொண்டு மென்றாள்.